படுத்துட்டுப் போற சீட்டு

மணி ரெண்டே முக்கால். கொறட்டை வந்துருச்சு. இனி நாலு மணி வரைக்கும் அந்த மனுசன் பக்கத்துல வேட்டு வெச்சாலும் எந்திரிக்க மாட்டார், முப்பது வருசமா ஏரோப்ளேன்ல தூங்கிப் பழகுன தூக்கம் அது. தூங்கட்டும். சாப்பாட்டு மேசை மேல ரெண்டு அரிசி டப்பாவக் கவுத்து வெச்சு, அதுக்கு மேல அவரு லேப்டாப்ப வெச்சு, நான் நின்னுட்டே பாக்கறேன். உக்காந்து பாக்கற கொடுப்பினை எனக்கு இல்லை. போன மாசியில தண்டுவடத்துல ஆபரேசன் பண்ணதுல இருந்து அரை மணி சேந்தாப்ல உக்காந்தா எடது இடுப்புல ஆரம்பிச்சுக் குதிகால் வரைக்கும் சுருக்குன்னு இழுக்குது. டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டார். கனடா போறதா இருந்தா படுத்துட்டுத்தான் போகோணும், இருவது மணி நேரம் உக்காந்துட்டுப் போனீங்கன்னா மகளுக்கு நீங்க பாப்பீங்களா, மக உங்களுக்குப் பாக்கோணுமான்னு கேட்டார். படுத்துட்டுப் போற சீட்டுக்குப் பேரு பிசினஸ் கிளாஸ். காசு குடுத்து வாங்குனா மூணரை லட்சம். காசு எதுக்கு ருக்கு, நம்மகிட்டத்தான் மைல் இருக்குதேன்னார் இவரு. ஆமா, இருக்குது. நீலக் கார்டு, செவப்புக் கார்டு, பச்சைக் கார்டு, மூணு ஏரோப்ளேன் கம்பெனி, இவரு ஏறி எறங்குன ஒவ்வொரு தடவைக்கும் அவங்க எழுதி வெச்ச புள்ளி. நெசவு மெசினு விக்கறேன்னு டாக்கா, இஸ்தான்புல், அடிஸ் அபாபான்னு மாசத்துல இருவது நாள் சுத்துன புள்ளி. அவருக்கு அது மைலு. நான் அத நாளாத்தான் எண்ணுனேன். நீலத்துல இருக்கற ரெண்டு லட்சத்தி அறுபத்தோராயிரத்துக்குள்ள மோகனப்ரியா வயசுக்கு வந்த நாள் இருக்குது, எங்கப்பனைத் தூக்கிட்டுப் போன நாள் இருக்குது, எனக்கு டெங்கு வந்து பக்கத்து வீட்டுக்காரங்க ஆஸ்பத்திரியில சேத்த நாள் இருக்குது. திரும்பி வர்றப்ப சின்னப் பை ஒண்ணு கொண்டாருவார், அதுக்குள்ள சாக்ஸு, வெரல் நீளத்துக்கு ஒரு பேஸ்ட்டு, கண்ணை மூடிக்கற துணி. ஏனுங்க, நானென்ன கண்ணை மூடிட்டாங்க இருக்கோணும்னு ஒருக்காக் கேட்டேன். சிரிச்சார். அலமாரியில ஒரு இழுப்பறை நெறைய அதுதான் கெடக்குது.

மக மோகனாவுக்கு அங்க கனடாவுல விடியக்காலம் அஞ்சே கால். தூங்குவாளோ என்னமோ. வயித்துல இருக்கறது தங்கோணும்னு இருபத்தி நாலு வாரத்துல தையல் போட்டிருக்காங்க, கட்டலை விட்டு எந்திரிக்காதேன்னு சொல்லியிருக்காங்க, எந்திரிக்காம எப்படி இருப்பா? மாப்பிள்ளை ஏழு மணிக்குக் கெளம்புனா பொழுதோடத்தான் வர்றார், தங்கமான பையன், ஆனா லீவு போட்டா வேலை போயிரும். அவளே எந்திரிச்சு அவளே தோசை ஊத்தித் திங்கறா. நேத்து போன்ல, அம்மா நீ எப்பம்மா வர்றேன்னு கேக்கல. அதைத்தான் என்னால தாங்க முடியல. முன்னெல்லாம் தெனத்துக்கும் கேப்பா. இப்பக் கேக்கறதில்லை. ரெண்டு வருசத்துக்கு முன்னால அஞ்சு மாசத்துல ஒண்ணு போச்சே, அப்பவும் இதே மூணு கார்டு, இதே மேசை. அப்ப எனக்கு முதுகு நல்லாத்தான் இருந்துச்சு, சாதா சீட்டுல குத்த வெச்சுட்டே போயிருப்பேன். இவருதான், இருக்கற மைலை வெச்சுட்டு எதுக்குக் காசு போட்டு சாதாவுல போகோணும், கம்முன்னு இரு, அடுத்த மாசம் ரேட்டு எறங்கும், வேல்யூ பாக்கோணும்னார். வேல்யூ. அந்த ஒரு வார்த்தையக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுது. வேல்யூ பாத்துட்டு இருக்கறப்பவே ஒரு நாள் மாப்பிள்ளை போன் பண்ணி, அத்தை, ஆஸ்பத்திரியில இருக்கோம்னார், அவ்வளவுதான். அதுக்குப் பொறகு போயி என்ன பண்றது, இன்னொருக்காப் போகலாம்னு இவரே சொன்னார். விசா அன்னைக்கு வாங்குனதுதான், பாஸ்போர்ட்டுல அப்படியே இருக்குது, பத்து வருசத்துக்குச் செல்லும். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கோணுமே.

இந்தத் தடவை நான் விடல. ரெண்டு மாசமா இவரு ஒப்பிட்டுப் பாக்கறதைப் பக்கத்துல நின்னு பாத்துப் பாத்து எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு. பச்சைதான் உள்ளதுலயே மலிவு, எண்பத்தெட்டாயிரம் இருந்தாப் போதும், நம்மகிட்டத் தொண்ணூத்தாறு இருக்குது. ஆனா அவங்க சீட்டைக் கண்ணுலயே காட்ட மாட்டாங்க, கெளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடித்தான் தொறந்து விடுவாங்களாம், அதும் நிச்சயமில்லையாம். செவப்புல சீட்டு எப்பவும் இருக்குது, ஆனா லட்சத்தித் தொண்ணூறு கேக்கறான், நம்மகிட்ட லட்சத்தி நாப்பதுதான், அதுக்கும் மேல டீசலுக்கு ஒரு லட்சம் தனியா வெக்கோணும். மைலும் குடுத்துக் காசும் குடுக்கறதுக்குப் பேரு என்ன ஃப்ரீ டிக்கெட்டோ. நீலத்துல லட்சத்தி இருவத்தி நாலாயிரம், நம்மகிட்ட அதுக்கு டபுளுக்கு மேல இருக்குது, சீட்டும் அப்பப்ப வருது. நான் நீலம்னு வாயெடுத்தாலே, அதுல வேல்யூ இல்லை ருக்கு, பச்சையப் பாப்போம், பதினஞ்சாந் தேதி செவப்புல தள்ளுபடி விடுவான் பாரு, நீலம் கடைசிக்கு இருக்கட்டும்னார். தெனத்துக்கும் அதே பாட்டு. நானும் சரி, முப்பது வருசமா இதுல ஊறுன மனுசன், நமக்கென்ன தெரியும்னு இருந்தேன். சமையக்கட்டுல சாம்பாருக்குப் புளி எவ்வளவுன்னு அவரு கேட்டா நான் சொல்றதில்லையா, அந்த மாதிரி. இன்னைக்குச் சோறு எறங்கல எனக்கு. அவரு படுக்கப் போனதும் டைரியப் பாத்து பாஸ்வேர்டப் போட்டு நீலத்தைத் தொறந்தேன். பதினோராந் தேதி, சென்னை டு டொராண்டோ, ஒரே ஒரு சீட்டு. ஒண்ணே ஒண்ணு. முருகான்னு சொல்லி அமுக்குனேன். யாருக்குன்னு கேட்டுச்சு. பக்கத்துல ஒரு அம்பு மாதிரி இருந்துச்சு, அதை அமுக்குனா பேரு வருது. இவரு பேரு நாச்சிமுத்து, மொதல்ல. அதுக்குக் கீழ அஞ்சு பேரு. அதுல நான் இல்லை.

கண்ணாடியத் தொடச்சுட்டு மறுக்காப் பாத்தேன். ரங்கராஜ். இந்துமதி ரங்கராஜ். சஞ்சய் ரங்கராஜ். அனன்யா ரங்கராஜ். ராஜாமணி. கெரகத்த, இது யாரு ஊட்டுக் குடும்பம்? இவரு வேலை பாத்த கம்பெனி எம்.டி., எம்.டி. சம்சாரம், எம்.டி. பையன், எம்.டி. பொண்ணு, எம்.டி.யப் பெத்த பெரியம்மா. கீழ சின்னதா எழுதியிருக்குது: நீங்க முன்கூட்டிப் பதிஞ்சு வெச்ச நாமினிகள் அஞ்சு பேருக்கு மட்டுந்தான் மைல்ல சீட்டு எடுக்க முடியும். அஞ்சு. நாங்க ஊட்டுல மொத்தமே மூணு பேரு. எங்களைப் போட்டாக்கூட மிச்சம் எடம் இருக்குமே, மனுசா? ஒரு எடங்கூடவா இல்லாமப் போச்சு? என்ற பேரை வேண்டாம், மோகனா பேரை? அவளும் இல்லை. நான் நின்னுட்டே இருந்தேன், மேல காத்தாடி சுத்துது, உள்ளார கொறட்டை. இந்துமதி. இந்துமதி. என்னமோ ஒண்ணு நெஞ்சுல மாட்டிட்டு வெளிய வர மாட்டீங்குது, சோத்துல கெடந்த கல்லு பல்லுல பட்டாப்ல. சூலூர்ல ஒரு கல்யாணம். ஆமா, சூலூர்தான், பட்டுச்சேலை வேர்த்து ஊத்துது, பந்திக்கு நிக்கறோம், அந்தம்மா என்ற கையப் புடிச்சு, உங்க வீட்டுக்காரர் புண்ணியத்துல லண்டனுக்குப் படுத்துட்டே போயிட்டு வந்தோமுங்க, அனன்யா பட்டம் வாங்கறதப் பாத்துட்டோம்னுச்சு. நான் சிரிச்சேன். என்னமோ ஆபீசுல டிக்கெட்டுப் போட்டுக் குடுத்திருப்பாராட்ட இருக்குதுன்னு நெனச்சு, அதுக்கென்னங்க, பரவால்லீங்கன்னேன். பரவால்லீங்களாம்! என்ற வாயில புத்து வெக்க. அந்த வருசந்தான் இவரு ஜெனரல் மேனேஜர் ஆனது. அந்தத் தீவாளிக்கு அவங்க ஊட்டுல இருந்து அஞ்சு கிலோ மைசூர்பா வந்துச்சு, நான் தெருவுக்கே குடுத்தேன், பாருங்க, எம்.டி. ஊட்டுல இருந்துன்னு. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு ஒடைக்கறதுன்னு சொல்லுவாங்க. இது என்ற ஊட்டுத் தேங்காய்.

இன்னொண்ணு இப்பத்தான் ஒறைக்குது. நீலத்துல வேல்யூ இல்லை. நீலம் கடைசிக்கு இருக்கட்டும். ரெண்டு மாசமா இந்த மனுசன் மூணையும் வெச்சு ஒப்பிட்டுப் பாத்தது எதுக்கு? நான் அந்த லிஸ்ட்டப் பாத்தறக் கூடாதுன்னா, இல்ல அதுல கை வெக்க அவருக்கு மனசு வரலையா? எதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சு என்ன. ரெண்டு வருசத்துக்கு முன்னாலயும் அதேதானே? அப்பவும் நீலத்துல சீட்டு இருந்துச்சே, நான் பாத்தேனே, எண்பத்தஞ்சாயிரம்னு போட்டிருந்துச்சே, எழுவது ஆகட்டும்னு சொன்னாரே. எழுவதே ஆகியிருந்தாலும் என்ற பேரை எழுதியிருக்க மாட்டார். அங்க அந்தப் புள்ள ஆஸ்பத்திரியில பெத்தவ பக்கத்துல இல்லாமப் படுத்துக் கெடந்துச்சு. இவரு ரிட்டயர்டாகி நாலு வருசமாச்சு, எம்.டி. பேர அவரு சொல்றப்ப இன்னும் குரல் எறங்கும், போன் வந்தா எந்திரிச்சு நின்னுட்டுத்தான் பேசுவார். அந்தப் பெரியம்மா செத்தே ஏழு வருசமாகுதே! காரியத்துக்கு நானும் போனேனே, பொள்ளாச்சித் தோட்டத்துல, வாழை எலை நான்தான் கழுவிக் குடுத்தேன். செத்தவளுக்கு எடம் இருக்குது இதுல.

கொறட்டை நின்னாப்ல இருந்துச்சு. இல்லை, பொரண்டு படுத்தார். நான் போனை எடுத்து நீலக் கார்டுக்குப் பின்னாடி இருந்த நம்பரைப் போட்டேன். ஒண்ணை அமுக்கு, மூணை அமுக்கு, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்னு ஒருத்தி சொல்றா, முக்கியம்னு சொல்லிட்டு இருவது நிமிசமா எவளும் எடுக்கல. ஒரே பீப்பிச் சத்தம் போட்டுட்டு இருக்கறாங்க. லேப்டாப்புல சீட்டு இன்னும் இருக்குதான்னு பாத்துட்டே இருக்கேன். அந்தக் கட்டம் பச்சையா இருந்தா இருக்குது, சாம்பலாப் போச்சுன்னா போச்சு. எவனோ ஒருத்தன் இதே நேரத்துல எங்கயோ உக்காந்துட்டு இதே சீட்டைப் பாத்துட்டு இருப்பான், உக்காந்துட்டு, நல்ல முதுகோட. முதுகு இழுக்குது. எடது காலைத் தூக்கி வலதுல வெச்சு, மறுக்கா மாத்தி, கொக்கு மாதிரி நிக்கறேன். எனக்குக் கோவத்துல அழுகை வருது, அழுகக் கூடாது, அழுதா இங்கிலீசு வராது. மோகனாவுக்குக் கருவேப்பிலைப் பொடி அரைச்சு வெச்சது டப்பாவுல இருக்குது, பூண்டு லேகியம் கிண்டோணும், இன்னைக்கு ரெண்டாந் தேதி. அவளுக்கு நான் போய் என்ன பெருசாப் பண்ணீரப் போறேன், அரை மணிக்கு மேல உக்காரக்கூட முடியாதவ? நின்னுட்டே தோசை ஊத்துவேன். அவ எந்திரிக்காம இருந்தாப் போதும். பக்கத்துல படுத்துக்குவேன், ரெண்டு பேரும் படுத்துட்டே கெடப்போம், அது போதும். போன தடவை அவ சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: அம்மா, நர்ஸு என்ற கையப் புடிச்சுட்டு இருந்தா, கை ஜில்லுன்னு இருந்துச்சு.

அப்பத்தான் எடுத்தாங்க. குட் ஆஃப்டர்நூன்னு ஒரு பொண்ணு. நான் மை ஹஸ்பண்ட், நாமினின்னு தட்டுத் தடுமாறி ஆரம்பிக்கறதுக்குள்ள, மேடம் நீங்க தமிழா, தமிழ்லயே சொல்லுங்கன்னுச்சு. மகராசி. எல்லாத்தையும் கொட்டுனேன், மக, தையல், முதுகு, பதினோராந் தேதி, ஒரு சீட்டு. அந்தப் புள்ள எதையோ தட்டிப் பாத்துச்சு. பொறகு, மேடம், சீட் இருக்கு, நான் பத்து நிமிஷம் ஹோல்டு பண்றேன், ஆனா நாமினியை மாத்த மெம்பர்தான் சொல்லணும், சார் பக்கத்துல இருக்காரான்னு கேட்டுச்சு. இருக்கார் கண்ணு, பக்கத்துலதான் இருக்கார். போனைக் கையில எடுத்துட்டு உள்ள போனேன். ஸ்பீக்கர்ல போட்டேன். அவரு தோளைப் புடிச்சு உலுக்குனேன், ஏனுங்க, எந்திரிங்க, நீலக் கார்டுக்காரங்க பேசறாங்க. கண்ணைக் கசக்கிட்டு எந்திரிச்சு உக்காந்தார், லுங்கியச் சரி பண்ணார், எந்தக் கார்டுன்னு கேட்டார். நீலம்னேன். என்ற மூஞ்சியப் பாத்தார். நான் பாத்துட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. ஒரு வார்த்தை சொல்லுவார்னு நின்னேன். தப்பா நெனைக்காதே ருக்குன்னோ, அன்னைக்கு நெலமை அப்படின்னோ, பொய்யா இருந்தாலும் சரி, ஒரு வார்த்தை. போனை வாங்கிட்டார், அவ்வளவுதான்.

"சார், உங்க லிஸ்ட்ல அஞ்சு பேரும் ஃபுல்லா இருக்காங்க. ஒருத்தரை எடுத்தாத்தான் மேடம் பேரைச் சேக்க முடியும். யாரை எடுக்கட்டும் சார்?"

அவரு சொவத்தைப் பாத்தார், காலண்டரைப் பாத்தார். அந்தப் புள்ள, சார், லைன்ல இருக்கீங்களான்னுச்சு.

"இருக்கேம்மா... எடுத்தா அவங்களுக்கு மெயில் எதாச்சும் போகுமா?"

"யாருக்கு சார்?"

"எடுக்கறமே, அவங்களுக்கு. உங்க பேரை நீக்கிட்டாங்கன்னு எதாச்சும் போகுமா?"

"போகாது சார். உங்களுக்கு மட்டும்தான் வரும்."

"நிச்சயமாப் போகாதல்ல?"

"போகாது சார்."

அவரு மூச்சு விட்டார். அந்த மூச்சை நான் பாத்தேன். அவரு தங்கச்சி கல்யாணத்தன்னைக்கு, மோகனா பொறந்தன்னைக்கு, என்ற ஆபரேசன் முடிஞ்சு வெளிய கொண்டாந்தன்னைக்கு, ஒரு நாளும் அப்படியொரு மூச்சு அவரு விட்டு நான் பாத்ததில்லை. அப்படின்னா அந்த அஞ்சாவதா இருக்கறவங்களை எடுத்துரும்மான்னார். ராஜாமணியா சார்னு கேட்டுச்சு. ஆமா, அவங்க பெரியவங்க, இனி எங்கயும் டிராவல் பண்ண மாட்டாங்கன்னார். செத்துட்டாங்கன்னு சொல்றதுக்குக்கூட அந்த மனுசனுக்கு வாய் வரல. மத்த நாலு பேரு அப்படியே இருக்கட்டும்னு அவரு சொல்லல, சொல்லோணும்னும் இல்லை. ருக்மணி நாச்சிமுத்து, பொறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் நான்தான் சொன்னேன், மனப்பாடமாச் சொன்னேன். தட்டற சத்தம் கேட்டுச்சு. எனக்குக் காது அடைச்சுப் போச்சு, ஹோல்டு பண்ண பத்து நிமிசம் முடிஞ்சிருக்குமோ, சாம்பலாப் போயிருக்குமோன்னு. சேந்துருச்சு மேடம், சீட் உங்க பேர்ல இருக்குன்னு சொல்லுச்சு. நான் கட்டல் காலைப் புடிச்சுட்டேன்.

இவருக்கு உடனே தெம்பு வந்துருச்சு. பாத்தியா ருக்கு, மூணரை லட்ச ரூபா டிக்கெட்டு, லட்சத்தி இருவத்தி நாலுக்கு, நல்ல வேல்யூன்னார். ரெண்டு மாசமா வேல்யூ இல்லைன்னு சொன்ன அதே வாயி. அவரே எனக்கு வாங்கிக் குடுத்த மாதிரி சிரிக்கறார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பாத்துக் கோவங்கூட வரல. அதான் எனக்கே பயமா இருந்துச்சு.

"சார், ரிட்டர்ன் எப்பப் போடட்டும்? ஜனவரில சீட் இருக்கு, அதே மைல்தான்."

அவரு என்னைப் பாத்தார். ஜனவரி கடைசி போதுமில்ல, மூணு மாசம் இருந்தாப் போதாதான்னு கேட்டார்.

"ரிட்டர்ன் வேண்டாமுங்க," ன்னேன்.

"வேண்டாம்னா?"

"எனக்குத் திரும்பி வர்றதுக்குப் போட வேண்டாமுங்க."

அவரு என்ற மூஞ்சியவே பாத்தார். நானும் பாத்தேன். முப்பத்தாறு வருசத்துல அவரு என்னை இவ்வளவு நேரம் பாத்ததில்லை. புரிஞ்சுருச்சுன்னுதான் நெனச்சேன். நெத்தியச் சுருக்கி, ஒதட்டுலயே என்னமோ கணக்குப் போட்டார், பொறகு மூஞ்சி தெளிஞ்சுது.

"அதுவும் சரிதான் ருக்கு, இப்பவே எதுக்கு மைலை முடக்கறது, பதினஞ்சாந் தேதி தள்ளுபடி வேற வருது," ன்னுட்டு, போனை வாய்க்கிட்டக் கொண்டு போயி அந்தப் புள்ளகிட்ட அவரே சொன்னார், "ஒன் வே மட்டும் போடும்மா."